விலை இறங்கிய இரவு

வல்காவில் மின்சாரத்துக்கு
மணிக்கொரு விலை.
மாலை ஆறுக்கு யானை விலை,
பின்னிரவு மூன்றுக்குச் சுண்டைக்காய்.
நாளைய விலை இன்று மதியமே
கைபேசியில் வந்துவிடும்.
அதைப் பார்த்துத்தான் முடிவாகும்
யார் எப்போது குளிப்பது,
துணி எப்போது சுழல்வது,
ரொட்டி எந்தக் கிழமையில் வேகும் என்பதெல்லாம்.

அர்வோ இதில் என்னைவிடக் கெட்டி.
கொதி வந்ததும் பார்லிக் கஞ்சியை இறக்கி
பழைய கம்பளிக் கோட்டில் சுற்றிக்
கட்டிலில் படுக்க வைப்பான்.
மிச்ச வேக்காட்டை அதுவே பார்த்துக்கொள்ளும்.
நான் போர்வையை உதறப் போனால்
"காய்ச்சல்காரனை எழுப்பாதே" என்பான்.

பற்பசைக் குழாயைக் கத்தரித்துத் திறந்தால்
உள்ளே இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.
எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
தேயிலைப் பையின் முதல் முக்கு அவனுக்கு,
இரண்டாவது எனக்கு.
ஞாயிறன்று மாற்றிக்கொள்வோம்.
காலிப் புட்டிக்குப் பத்து சென்ட்.
பூங்கா பெஞ்சடியில் கிடப்பது
யார் குடித்ததாயினும்
அதன் பத்து சென்ட் அனாதை.
தெருவைத் தாண்டினால் லாத்வியா.
அங்கே வெண்ணெய் மலிவா என்று பார்க்க
வாரம் ஒருமுறை
துணிப்பையோடு வெளிநாடு போய்வருகிறேன்.

நடைவழி பல்பை
அர்வோ கழற்றி இரண்டு குளிர்காலம்.
அங்கே எதற்கு வெளிச்சம்,
சுவருக்குத் தெரியாதா நம்மை, என்றான்.
தடவித் தடவிப் பழகிவிட்டோம்.
இடது கைக்குக் கோட்டுக் கொக்கி,
மூன்றாம் எட்டில் செருப்பு.

நவம்பரில் ஒரு செவ்வாய்,
கடலோரம் புயல் என்றார்கள்.
காற்றாலைகளுக்குத் தலைகால் புரியவில்லை.
இரண்டு மணியிலிருந்து ஐந்துவரை
விலைக்கட்டத்தில் பூச்சியம்,
நடுவில் ஒரு மணி பூச்சியத்துக்கும் கீழே.
"நாம் எரித்தால் அவர்கள் தருவார்களாம்" என்றான்,
கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்துவிட்டு.
கம்பி வாடகை தனி, என்றேன்.
காதில் விழவில்லை.

இரண்டுக்கு எழுந்தோம்.
படுக்கை விரிப்பு, திரைச்சீலை,
செத்துப்போன நாயின் மெத்தை
எல்லாம் மெஷினுக்குள்.
ஓவனில் நான்கு ரொட்டி.
மூன்று மணிக்கெல்லாம்
செலவழிக்க எங்களிடம் ஒன்றுமில்லை.
இருபத்தேழு வருடம் மிச்சம் பிடித்தவர்கள்
இலவசத்தின் முன்னால்
கைபிசைந்து நின்றோம்.
நான் கைக்குட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன்.
அவன் சாக்ஸை நீட்டினான்.

ஜன்னலில் பார்த்தால்
எதிர்க் கட்டடம் முழுக்க விளக்கு.
நாலாம் மாடி லைனே
ஓவன் முன் குனிந்திருக்கிறாள்.
ஹெல்டூர்,
யாரிடமும் பேசாத ஹெல்டூர்,
பனியனோடு கம்பளத்துக்கு வாக்குவம் போடுகிறார்.
கையசைத்தேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
வாக்குவத்தின் கழுத்தைத் தூக்கி ஆட்டினார்.

அப்போதுதான் அர்வோ
காலுறைக்குள் சுற்றி வைத்திருந்த
பழைய மஞ்சள் பல்பை எடுத்து வந்தான்.
ஸ்டூலைப் பிடி, என்றான்.

வெளிச்சம் வந்ததும் தெரிந்தது:
நடைவழிச் சுவர் நெடுக ஓர் அழுக்குப் பட்டை,
இருட்டில் நாங்கள் தடவிய வழி.
அவன் கை உயரத்தில் ஒன்று,
அதற்குச் சற்றுக் கீழே என்னுடையது.
கழிவறை வாசலில் இரண்டும் கலந்திருந்தன.

பெயின்ட் அடிக்க அறுபது யூரோ ஆகும், என்றான்.
பல்பில் மிச்சம் பிடித்தது எவ்வளவு, என்றேன்.
விரல்விட்டு எண்ணினான்,
பாதியில் விட்டுவிட்டான்.

ஐந்து மணிக்கு விலை எழுந்து உட்கார்ந்தது.
எதிரே ஒவ்வொரு ஜன்னலாக அணைந்தது.
ஓவன் கதவைத் திறந்து வைத்து
அந்தச் சூட்டில் அர்வோ நாய் மெத்தையை உலர்த்தினான்.
நான் ஸ்டூல் ஏறினேன்.

கழற்றிய பல்பு
இன்னும் சுட்டது.
அது ஆறும்வரை இருட்டில் நின்று
உள்ளங்கை மாற்றி உள்ளங்கை
வைத்துக்கொண்டிருந்தேன்.
அதை மட்டும் வீணாக்குவானேன்.